இருபத்திரண்டு விளக்குகளுக்காகக் கோலா கங்சார் வரை

பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் பொருள்களைப் படாத பாடு படுத்திச் சோதிப்பது என் வேலை. ஈப்போ சிலிபினில் இருக்கும் என் தம்பி சுரேன், விடியுமுன் இருட்டில் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர்கள் தலையில் கட்டிக்கொள்ளும் விளக்கொன்றைச் செய்திருக்கிறான். அது தேறினால் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இதிலேயே இறங்குவதாகத் திட்டம். முதலில் இருபத்திரண்டு விளக்குகளைத் தோட்டத்தில் கொடுத்துச் சோதிப்போம் என்றேன். சென்ற ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, சோதனை முடிவைக் கேட்க நானும் அவனோடு கிளம்பினேன்.

சிலிபினிலிருந்து கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்துக்கு நாற்பது கிலோமீட்டர் சொச்சம், முக்கால் மணி நேரம். பழைய சாலையில் போனால் நேரம் கூடும், ஆனால் நல்ல ரொட்டி சானாய் கிடைக்கும். சாப்பிடும்போது சுரேன், "ஏன்க்கா இருபத்திரண்டு? பத்து போதாதா?" என்றான். நூற்றுக்குத் தொண்ணூறு விளக்காவது தாங்கும் என்று தொண்ணூறு சதவீத உறுதியோடு சொல்ல, இருபத்திரண்டைச் சோதித்து ஒன்றுகூடப் பழுதாகாமல் இருக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

தோட்டத்தில் பெரும்பகுதி இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. மிச்சமுள்ள ரப்பரை வெட்டுகிறவர்களிடம் மூன்று வாரத்துக்கு முன் விளக்குகளைக் கொடுத்திருந்தோம். அவர்களில் ஒருவரான மாலதி அக்கா, "ஒண்ணுகூட கெட்டுப்போகல லா," என்றார். சுரேன் துள்ளிக் குதிக்காத குறை. நானும் பூரித்துப்போனேன்.

அக்கா சாமி மேடையிலிருந்து தன் விளக்கை எடுத்து வந்தார். அதற்குக் குங்குமம் வைத்திருந்தார். கண்ணாடிமேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படவில்லை.

"போட்டே பார்க்கலையா அக்கா?" என்று கேட்டேன்.

"ஆடி மாசம்லா! புதுசா யாரு தொடங்குவா? ஆவணி பொறக்கட்டும், எல்லாரும் ஒண்ணா போட்டுக்கிட்டுப் போறோம்."

எங்கள் அம்மா ஆடியில் புதுத் துடைப்பம்கூட வாங்க மாட்டார். எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை! வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். தினமும் எரிந்தவை மூன்றே மூன்று, வங்காளதேசத் தொழிலாளர்களுடையவை. அவர்களுக்கு ஏது ஆடி? எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

சுரேன் சிரிக்கவில்லை. "மூணும் நல்லாதானே எரியுது? மாசக் கடைசியில வேலைய விட்டு நிக்கிறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்க்கா."

போதும் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றை வைத்து, பாதி விளக்கு தாங்கும் என்றுகூட அதே உறுதியோடு சொல்ல முடியாது. அதைச் சொன்னபோது எனக்கே வலித்தது.

இப்படிச் சோதனைக்குப் போகிறவர்கள் வெட்டு முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் பத்து மணிக்கு மேல் போங்கள். பழுதாச்சா என்று கேட்பதற்கு முன், தினமும் போடுகிறார்களா என்று கேளுங்கள். எத்தனை விளக்கு என்று கணக்குப் போடும்போதே தமிழ் நாள்காட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

திரும்பும் வழியில் பேராக் ஆற்றோரம் காரை நிறுத்திவிட்டு, சுரேன் மேனேஜரை அழைத்தான். "அண்ணே, நான் வேலைய விட்டு நிக்கல லா. இருக்கேன்." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"சரிக்கா. ஆவணி ஒண்ணாந்தேதிலேருந்து எண்ணு."