வீட்டிலேயே ஒரு நர்ஸ்

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி சாப்பாட்டு மேசை மேல் பழைய போர்வையை நாலாக மடித்துப் போட்டு, வெள்ளைக் கோட்டு ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். புதுக்கோட்டு. தையல்காரர் போட்ட சாக்பீஸ் கோடு காலரில் இன்னும் போகவில்லை என்று ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். மறுநாள் காலை அண்ணாமலை நகரில் பல்கலைக்கழக வகுப்பில் சேர வேண்டும். டிப்ளமோ முடித்து வேலை பார்க்கும் நர்சுகளுக்கென்று இரண்டு வருடப் பட்டப்படிப்பு உண்டு. அதை முடித்துவிட்டால் வார்டை விட்டு வகுப்பறைக்குப் போகலாம். பிரசவப் பாடம் நடத்த வேண்டும் என்பது அண்ணியின் ஆசை. காடாம்புலியூரில் முந்திரித் தோப்பு வைத்திருந்த குடும்பத்திலிருந்து படிக்க வந்த முதல் பெண் அவர். கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு வருடம் பிரசவ அறையில் நின்றவர். கோட்டின் இரண்டாவது கையை அவர் விரித்தபோது குளியலறையில் வாளி உருளும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தோம். அப்பா சுவரோரம் சரிந்து கிடந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டோம். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும் அம்மா ஒன்றையே சொன்னாள். “நமக்கென்ன கவல, வீட்டுலயே ஒரு நர்சு இருக்குது.” அண்ணன் கொஞ்சம் தயங்கினான். “ஒரு மாசம் கழிச்சு சேந்துக்கலாமான்னு கேட்டுப் பாரேன்” என்றான். அண்ணி போய்க் கேட்டார். சேர்க்கைக்குக் கடைசி நாள் என்று ஒன்று இருந்தது. அது தாண்டியதும் காத்திருப்புப் பட்டியலில் அடுத்து இருந்தவருக்கு இடம் போனது. யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் யாரும் அவரைப் போகாதே என்று சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது வேறு யாராவது செய்தால் அப்பாவுக்குப் புரையேறியது, அவ்வளவுதான். அந்த மாதக் கடைசியில் அண்ணி ஆஸ்பத்திரி வேலையையும் விட்டார்.

நான் அப்போது பிளஸ் டூ. அண்ணி எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பார். முட்டிகளுக்கு நடுவே தலையணை, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு. தண்ணீர் எவ்வளவு போனது, சிறுநீர் எவ்வளவு வந்தது எல்லாம் கோடு போட்ட நோட்டில் இருக்கும். யாரும் கேட்காத நோட்டு அது. நான்காவது வருடம் டாக்டர் வந்து முதுகைப் பார்த்துவிட்டு, “ஒரு புண்ணு கூட இல்லியேம்மா! இப்படிப் பாத்துக்கிட்டா இன்னும் பத்து வருஷம் இருப்பாரு” என்றார். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அண்ணி ஒருமுறைகூட அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. எவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாரோ அவ்வளவுக்கு அவருடைய நாட்கள் நீண்டுகொண்டே போயின. நர்சிங் படித்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது.

ஆம், நானும் நர்சிங்தான் படித்தேன். அதே அண்ணாமலை நகரில், நாலு வருடப் பட்டப்படிப்பு. விண்ணப்பம் நிரப்பியது அண்ணி, கவுன்சிலிங்குக்கு என்ன எடுத்துப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தது அண்ணி. அவர் வீட்டில் இருந்ததால்தான் நான் விடுதிக்குப் போக முடிந்தது. அந்தக் கணக்கை அப்போது போட்டுப் பார்க்கவில்லை. சனிக்கிழமை தோறும் சிதம்பரத்தில் பஸ் ஏறி வீட்டுக்கு வருவேன். “இந்த வாரம் என்ன நடத்துனாங்க பாப்பா?” என்பதுதான் அண்ணியின் முதல் கேள்வி. குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் எப்படித் திரும்பி வெளியே வரும் என்பது வகுப்பில் எனக்குப் பிடிபடவே இல்லை. அண்ணி இடது கைவிரல்களை வளையமாக வைத்து, வலது கை முஷ்டியை அதற்குள் மெல்லத் திருப்பிக் காட்டினார். ஒரே நிமிஷம்தான். அதற்குப் பிறகு நான் மறக்கவில்லை. என் மாணவிகளுக்கும் இன்று அப்படித்தான் காட்டுகிறேன்.

ஐந்தாவது வருடம், நான் பரீட்சை விடுமுறையில் வீட்டில் இருந்த ஒருநாள், அண்ணியோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு தோழி வந்தார். அவர் அந்த இரண்டு வருடப் படிப்பைப் படித்து, மேலும் படித்து, ஒரு கல்லூரியில் ஆசிரியராகச் சேர்ந்திருந்தார். இனிப்பு கொண்டுவந்திருந்தார். அண்ணி நிறையச் சிரித்தார், நிறையக் கேட்டார், பஸ் ஸ்டாப் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார். மதியம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவின் இருமல் கேட்டது. வழக்கமான இருமல் இல்லை, தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு மூச்சு இழுக்கும் சத்தம். உள்ளே ஓடிவந்தேன்.

அண்ணி சமையலறை வாசலில் நின்றிருந்தார். கட்டிலுக்கு ஆறடி தூரம் இருக்கும். அப்பாவின் முகம் கறுத்துக்கொண்டு வந்தது. அண்ணி பார்த்துக்கொண்டே நின்றார். கதவு நிலையைப் பிடித்திருந்த கைவிரல்கள் வெளுத்திருந்தன. நானும் கொல்லைக் கதவருகிலேயே நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. பிறகு அண்ணி திடீரென்று பாய்ந்து போனார். அப்பாவை இடப்பக்கமாகப் புரட்டி, வாய்க்குள் துணிசுற்றிய விரலை விட்டுக் கோழையை வழித்து, முதுகில் தட்டித் தட்டி மூச்சை மீட்டார். அன்று மாலை இரண்டாம் முறையாக அவரைத் துடைத்துவிட்டு, சட்டை மாற்றி, தலை வாரிவிட்டார்.

அப்பா அதன்பின் ஒரு வருடம் இருந்து, தூக்கத்திலேயே போனார். காரியம் முடிந்த மறுமாதம் அண்ணி வேலை தேடிப் போனார். போன இடத்திலெல்லாம் ஆறு வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். வீட்டில் இருந்தேன் என்றார். அனுபவத்தில் இடைவெளி என்று எழுதிக்கொண்டார்கள். கடைசியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த நர்சாகச் சேர்ந்தார். வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய வேலை. ஆனால் பிரசவம் பார்க்கும் வேலை. படிப்பைப் பற்றி நான் பேச்செடுத்தால், “இனிமே எதுக்கு பாப்பா” என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவார். நான் சிதம்பரம் பக்கத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் பிரசவப் பாடம் நடத்துகிறேன். அவர் உட்கார ஆசைப்பட்ட நாற்காலி அது.

போன மழைக்கு அம்மா வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்த அன்று அண்ணன் எல்லோர் முன்னாலும் அண்ணியிடம், “நீ கொஞ்ச நாளைக்கு வேலய விட்டுடு” என்றான். அண்ணி நின்றுகொண்டே, “நான் விட மாட்டேன்” என்றார். பதினாறு வருடத்தில் அந்த வீட்டில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். “மாமனாருக்குச் செஞ்சவ மாமியாருக்குச் செய்ய மாட்டாளா?” என்று வந்திருந்த சித்தி கேட்டாள். அண்ணி கொல்லைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

துவைக்கும் கல் பக்கத்தில் நின்றிருந்தார். “அன்னிக்கி நீ கதவுகிட்ட நின்ன. எனக்குத் தெரியும்” என்றார்.

“அண்ணி, அதெல்லாம் இப்ப எதுக்கு?”

“ஒரு நிமிஷம் நான் நவுரல பாப்பா. போயிடட்டும்னு நெனச்சேன். மாமா என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு.” வார்டில் ஒரு நோயாளியைப் பற்றி அடுத்த ஷிப்டிடம் சொல்வதுபோல் சொன்னார். “அத்த மேல எனக்கு ஒண்ணும் இல்ல. திரும்ப அந்தக் கட்டில் பக்கத்துல என்னய நிக்க வெக்காத. எனக்கு என் மேலயே பயமா இருக்குது.”

சரி என்றேன். கூடத்துக்குத் திரும்பியபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணிக்கு டூட்டி ஜாஸ்தி, ஆளும் கம்மி, லீவு தர மாட்டார்கள் என்று ஒரு பொய்யைச் சொன்னேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அண்ணனுக்கு முகம் தெளிந்தது. “நீயாவது இருக்கியே. நீயும் நர்சுதான?” என்றான். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை.

மறுநாள் காலை அண்ணி டிபன் பாக்சை எடுத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனார். நான் கல்லூரி முதல்வருக்கு அனுப்ப வேண்டிய விடுப்புப் படிவத்தை அம்மாவின் கட்டில் ஓரத்தில் வைத்து நிரப்பினேன். பெயர், துறை, காரணம் எல்லாம் எழுதினேன். எத்தனை நாள் என்று கேட்டிருந்த இடத்தில் பேனாவை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.