நல்ல தண்ணீரில் நின்ற மோட்டார்

இந்த ஊரில் தண்ணீர் மோட்டாரை உடைக்கிறது. சொன்னால் நம்பமாட்டீர்கள், நானும் முதலில் நம்பவில்லை. கனடாவில் ஏரிக்கரையோரம் இருக்கும் எங்கள் பட்டறைக்கு, அக்டோபர் பிறந்துவிட்டால் படகுக்காரர்கள் படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். ஏரி நான்கைந்து மாதம் உறைந்து கிடக்கும், அது உருகும் வரை மோட்டாரைப் பத்திரப்படுத்துவது என் வேலை. கியர் ஆயிலை மாற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் பீய்ச்சி, எல்லாவற்றுக்கும் மேலாக மோட்டாரை நிமிர்த்தி நிறுத்திக் கடைசிச் சொட்டுத் தண்ணீர் வரை வடித்துவிட வேண்டும். கொஞ்சம் உள்ளே தங்கினாலும் அது பனிக்கட்டியாகி வீங்கி மோட்டாரின் உலோக உடலைப் பிளந்துவிடும். மூன்று வருடமாக இதைத்தான் செய்கிறேன். கண்ணை மூடிக்கொண்டும் செய்வேன் என்று பீற்றிக்கொண்டதும் உண்டு.

இந்த வருடம் நவம்பரில் ஒரு மோட்டார் வந்தது. அதன் சொந்தக்காரர் கோடையில் அதைக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கிறார். தண்ணீரைத் தள்ளும் காற்றாடியின் இடுக்கில் வெள்ளையாக உப்பு. அதைப் பார்த்ததும் என் கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. பட்டறைக்கு வெளியே ஒரு டிரம்மில் குழாய்த் தண்ணீர் நிரப்பி, காற்றாடி இருக்கும் அடிப்பாகத்தை அதற்குள் இறக்கி நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதற்குக் காரணம் எங்கள் கடலோர ஊரான பழவேற்காடு. நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஃபிட்டராக இருந்தபோது, விடுமுறை நாட்களில் என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் அந்தோணியின் படகு மோட்டாரைப் பார்த்துக்கொடுப்பேன். கடலுக்குப் போகாத கோடை நாட்களில் அங்கே மோட்டாரை நல்ல தண்ணீரில் நிறுத்திவைப்பார்கள். குடிக்கவே லாரித் தண்ணீர்தான், அதிலும் மோட்டாருக்கு ஒரு டிரம் ஒதுக்கிவிடுவார்கள். "உப்பு உள்ள நின்னுதுன்னா தின்னுட்டுப் பூடும் மாப்ள. ரெண்டு நாளு ஊறிக்கினு கெடக்கட்டும்" என்பார் மச்சான். அவருக்குப் பகை உப்பு. தண்ணீர் பகையாகும் என்று யாருக்குத் தோன்றும்?

வார விடுமுறை முடிந்து வந்து பார்த்தால் டிரம் முழுக்க ஒரே பனிக்கட்டி. வெந்நீர் ஊற்றி மோட்டாரை வெளியே எடுத்தபோது கியர் பெட்டியில் விரல் நீளத்துக்கு விரிசல். பட்டறை முதலாளி கேரன், ஐம்பது வயதுப் பெண், அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "மறந்துவிட்டாயா?" என்று கேட்டாள்.

"இல்லை, தெரிந்துதான் வைத்தேன்" என்றேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். வேலையில் மறதி என்று சொல்வது எனக்குக் கேவலம். அவளுக்கோ, தெரிந்தே உடைத்தேன் என்று பட்டிருக்கிறது. மோட்டாரை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். எனக்குப் பயமாவது வந்திருக்க வேண்டும். ஒவ்வொரு குளிர்காலத்துக்கு முன்பும், வசந்தத்தில் மறுபடி வேலை உண்டு என்று அவள் ஒரு கடிதம் தருவாள். அது இருந்தால்தான் நான் ஊருக்குப் போய்த் திரும்பி வரலாம். கிளம்பியபின் பிறந்த என் மகளை இன்னும் நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு வருடமும் விசா இழுபறியில் பயணம் தள்ளிப்போயிற்று. இந்தத் தடவை கடிதமே இல்லையென்றால் நான்காவது வருடமும் போட்டோதான். இவ்வளவும் தெரிந்திருந்தும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. குளிரில் விரல் மரத்துப்போவது போல மனசும் மரத்துவிட்டிருந்தது. அடுத்த மோட்டாரை எடுத்து ஆயிலை வடிக்க ஆரம்பித்தேன்.

நான்கு நாள் கழித்து அவளே என் மேசைக்கு வந்தாள். "ஒரு மோட்டாரைத் தண்ணீரில் எதற்கு வைப்பாய்? எனக்குப் புரியவில்லை" என்றாள். உப்பு என்றேன். என் ஊர்ப் படகுகளைப் பற்றி எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்.

"குடிக்கிற தண்ணீரிலா?"

"ஆமாம்."

"அப்படியானால் உடைக்க இல்லை, காப்பாற்றத்தான் வைத்திருக்கிறாய்" என்றாள். மாலையில் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "எப்போது திரும்புவாய்?" என்று கேட்டாள். இன்னும் டிக்கெட்டே எடுக்கவில்லை. ஏரி உருகியதும் என்றேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. கடிதத்தை நான்காக மடித்து சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை காலிங் கார்டைச் சுரண்டி ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம். அவளும் இப்போது தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள், அப்போதுதான் கம்பெனி வேனிலிருந்து இறங்கியிருந்தாள்.

"லெட்டர் கெடச்சிடுச்சி. வர்றேன்" என்றேன்.

கார்டில் நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா, காதுல வுழுந்துதா?"

"வுழுந்துது. யாருக்கும் சொல்ல மாட்டேன். போன வாட்டி ஊரெல்லாம் சொல்லிட்டு பேஜாராப் பூட்ச்சி. புள்ளைக்கும் சொல்லல."

"இந்த வாட்டி நெசமா வர்றேன் ஸ்டெல்லா."

"சரிங்க" என்றாள். பிறகு, கோபமோ குத்தலோ இல்லாமல், விருந்துக்கு வருகிறவர்களிடம் கேட்பது போலக் கேட்டாள்: "எத்தினி நாளு இருப்பீங்க?"

என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதை நேற்றே கேரனிடம் சொல்லியாயிற்று.

"இங்க ஏரி உருகுற வரைக்கும்" என்றேன்.

"அது எப்போ உருகும்?" என்று கேட்டாள் ஸ்டெல்லா, அந்தச் சாயங்கால வெயிலில் நின்றுகொண்டு.