நைரோபி சேரும்வரை பெருக்காத வீடு

அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவர்களுடைய தம்பியின் வணக்கம். வீட்டுக் கோமாளியிடம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம். அம்மா போனபின், சீதனத்தோடு சீதனமாக என்னையும் சேர்த்துக்கொண்டு தாராவிக்கு வாழ வந்தார்கள். அத்தான் தோல் கிடங்குக்குப் போவார். அக்கா வீட்டிலிருந்தே சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பார்கள். அந்த வருமானத்தில்தான் மாதுங்காவில் படித்தேன்.

எனக்கு நைரோபியில் வேலை கிடைத்தது.

"எம்புட்டுத் தூரம்ல?" என்றார்கள் அக்கா.

"மூவாயிரம் மைலு, அக்கா. ஏடன்ல எறங்கிப் போனா எட்டு மணி நேரம்."

"அதுல தண்ணி எம்புட்டு?"

"முக்கால்வாசி" என்றேன், நீச்சல் தெரியாத நான்.

ஆள் பயணம் போனால், போய்ச் சேரும்வரை வீடு பெருக்கக் கூடாதென்பது நம் வழக்கம். ஊருக்குப் போகும் ரயில் பக்கத்துக் கல்யாண் ஸ்டேஷனைத் தாண்டினாலே சேர்ந்ததாகக் கணக்கு வைத்துத் துடைப்பத்தை எடுப்பவர்கள் நாம். அக்கா அப்படி ஏமாற்றமாட்டார்கள். நான் விமானமேறி எட்டு மணி நேரம் கடந்தும் வீடு பெருக்கவில்லையாம். அத்தான் பிற்பாடு சொன்னது:

"ஏட்டி, அவன் போயி சாப்பிட்டுத் தூங்கியே இருப்பான். பெருக்கேன்."

"இல்லங்க, வழியில நிக்கான். சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்கு."

அந்நேரம் நான் ஏடனில்தான் நின்றேன். இயந்திரம் ஒன்று புகைந்து எங்களை இறக்கிவிட்டிருந்தார்கள். மழை இல்லை, நனைந்தது வேர்வையில். தெரிந்த சாமிகளெல்லாம் தீர்ந்து, மறுபடி முதல் சாமியிலிருந்து தொடங்கியிருந்தேன்.

அத்தான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தேன். பிறகு கொஞ்ச நாள் விளக்கை அணைக்காமல் தூங்கினேன். அதற்கப்புறம் விமானத்தை இறக்கை தாங்குகிறது என்று நான் நம்பவேயில்லை. தாராவியில் குப்பை கிடக்கும்வரை விழாது என்று நம்பினேன்.

அக்காவுக்குக் காய்ச்சல் முற்றித் தந்தி வந்ததும் விமானமேறினேன். உயிரோடு பார்ப்பேனா என்பது ஒன்றே என் பயம். இங்கே அக்கா கண் திறக்காமல், எதையோ தாங்குவதுபோல் இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடியே கிடந்தார்களாம். அக்காவின் மகள் இறக்கி வைத்தால் மறுபடி தூக்கினார்களாம். நான் வாசலில் காலை வைத்ததும் கைகள் தாமாக இறங்கின. கண்ணைத் திறந்தார்கள்.

"ஏம்ல இம்புட்டு நேரம்? கை கடுத்துப் போச்சு."

பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைகளை அமுக்கிவிட்டேன். மறுநாள் அக்கா போய்விட்டார்கள்.

மருந்தோடு ஓடி வந்த டாக்டருக்கும், அழுத பிள்ளைகளுக்குச் சோறூட்டிய பக்கத்து மராத்தி வீட்டாருக்கும், மான்குர்த்திலிருந்தும் பாண்டுப்பிலிருந்தும் வந்து தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

நான் திரும்பவேண்டும். விமானத்தை விட்டுவிட்டு மொம்பாசா துறைமுகத்துக்குப் போகும் கப்பலில் இடம் வாங்கியிருக்கிறேன். எட்டு மணி நேரத்துக்குப் பதில் ஒன்பது நாள். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

அக்காவின் மகள் மட்டும் சிரிக்கவில்லை. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி அவள். "பிளேன்லயே போங்க மாமா. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

"வேண்டாம் தாயி. நீ சுமக்கது போதும்" என்றேன்.