எதிர்க்கடைக்கு ஓடிய நாள்

தொண்டாமுத்தூர் மெயின் ரோட்டில் உரக்கடை வைத்திருக்கிறேன். உரம், விதை, பூச்சிமருந்து. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர் உண்டு. வாய் இல்லாமல் ஒரு பொம்பளை உரக்கடை நடத்திப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

மருந்து விற்கிற கடைக்காரர்கள் எல்லோரும் ஒரு நாள் பயிற்சிக்கு வரவேண்டும் என்று வேளாண்மை அலுவலகத்தில் சொன்னார்கள். எதைப் பற்றி என்று கேட்டேன். தற்கொலைத் தடுப்பு என்றார்கள். எனக்குச் சுரீரென்றது. விற்கிறதும் நாங்கள், தடுக்கிறதும் நாங்களா? போகாவிட்டால் லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ஏதாவது சொல்வார்களோ என்ற பயத்தில் போனேன்.

கல்யாண மண்டபத்தில் ஃபேனுக்கு நேராக நாற்காலி பிடித்து உட்கார்ந்தேன். கடைசி வரிசையில் எங்கள் எதிர்க்கடைக்காரர் இருந்தார். அவரும் உரக்கடைதான். என் போர்டைப் போல இரண்டு மடங்கு பெரிதாகத் தன் போர்டை மாட்டியதிலிருந்து எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் ஒரு ரோடுதான் என்றாலும் வருடக்கணக்காக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு மனநல ஆலோசகர், சின்னப் பெண். சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள் என்றார். சுற்றி வளைக்காமல், சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்றே கேட்கலாமாம். கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக முளைத்துவிடாது, ஏற்கெனவே இருந்தால் வெளியே வர வழி கிடைக்கும் என்றார். நான் எழுந்து நின்றேன். "ஏனுங்க கண்ணு, எங்க ஊருல வந்த ஆளைப் பார்த்து அப்படிக் கேட்டா செருப்படிதானுங்க கெடைக்கும்" என்றேன். மண்டபமே சிரித்தது. எதிர்க்கடைக்காரரும் சிரித்தார். அந்த ஆளைச் சிரிக்க வைத்துவிட்டோமே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்தப் பெண் கோபித்துக்கொள்ளவில்லை. "செருப்படி பட்டாலும் பரவாயில்லைங்க, ஆள் உயிரோட இருப்பாங்க" என்றார். நான் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வந்துவிட்டேன்.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள் முற்பகல். மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். அறுபதைத் தாண்டியவர், என் பழைய வாடிக்கை. மொபெட்டை வாசலில் குறுக்கே நிறுத்துவார், விலையைக் கேட்டதும் சண்டைக்கு வருவார், யானை வந்து வேலியைச் சாய்த்ததை நான்தான் அனுப்பி வைத்த மாதிரி என்னிடம் கத்துவார். எனக்கும் அவரிடம் கத்தப் பிடிக்கும். அன்று நடந்து வந்தார். சட்டை தேய்த்துப் போட்டிருந்தார். ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். தென்னைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"எதுக்குங்ணா அது?"

"சும்மா. ஊட்டுல இருக்கட்டுமுங்க."

விலை கேட்கவில்லை. நான் அலமாரிப் பக்கம் திரும்பியபோது, "போன தடவை உங்களைக் கண்டபடி பேசிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க அம்மணி" என்றார்.

என் கை நின்றுவிட்டது. ஆனால் வாய் இருக்கிறதே, அது வியாபாரி வாய். எங்கள் கடைத்தெருவில் வந்தவரிடம் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லமாட்டோம். சரக்கு இல்லாவிட்டாலும், விற்க மனசு இல்லாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். யோசிப்பதற்குள் அது வந்துவிட்டது.

"தீர்ந்துபோச்சுங்ணா. நாளைக்கு வந்துருமுங்க."

"செரிங்க. வாரேனுங்க" என்று படியிறங்கினார். தப்பித்தோம் என்று ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள், அவர் ரோட்டைக் கடப்பதற்காக இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டேன். நேர் எதிரே அந்தப் பெரிய போர்டு.

நானே அவரை அங்கே அனுப்பியிருக்கிறேன். டவுன் பஸ் ஒன்று வந்து நின்று எதிர்ப்பக்கத்தை மறைத்தது. நகர மாட்டேன் என்றது. யாரோ மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார். போன் செய்யலாம் என்றால் எதிர்க்கடைக்காரர் நம்பர் என்னிடம் இல்லை, நான்தான் வீராப்பாக அழித்திருந்தேன். செருப்புக்கூடப் போடாமல் இறங்கி, பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். வயதுக்கு வந்த நாளிலிருந்து நான் ரோட்டில் ஓடியதில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

எதிர்க்கடைக்காரர் மருந்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டிருந்தார். அவர் கை இன்னும் அதன்மேல்தான் இருந்தது.

"குடுக்காதீங்க" என்றேன். மூச்சு வாங்கியது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னங்க இது? உங்க கடையில இல்லீன்னா என்ற கடையிலயும் விக்கக்கூடாதுங்களா? யாவாரத்தைக் கெடுக்க இம்புட்டுத் தூரம் வந்துட்டீங்களா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெரியவர் பக்கத்தில் நிற்கிறார். அவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன். அந்த மனுஷனுக்கு ஒன்றும் ஏறவில்லை. பெரியவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். இனி வேறு வழியில்லை என்று தெரிந்தது. அவர் பக்கம் திரும்பினேன்.

"அண்ணா, தப்பா நெனச்சாலும் பரவால்லீங்க. சாகோணும்னு நெனச்சுத்தான் இதை வாங்கறீங்களா?"

எதிர்க்கடைக்காரர் மருந்தை மெதுவாக எடுத்து, பின்னாலிருந்த அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். அப்போதுதான் அவருக்கு மண்டபம் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பெரியவர் முகம் சிவந்தது. "என்ன பேச்சுங்க இது? கடைவீதியில வெச்சு ஒரு மனுசனைக் கேக்கற கேள்வியா? என்ற புள்ளைக வயசு உங்களுக்கு!" கத்தினார், ஆனால் எங்கள் வழக்கமான சண்டைக் குரல் இல்லை அது. தப்பாகக் கேட்டுவிட்டேன், நாளைக்கு ஊரே என்னைப் பற்றிப் பேசும் என்று தோன்றியது. அந்த இடத்திலிருந்து நகரவும் பயமாக இருந்தது. நகர்ந்தால் அவரும் போய்விடுவார். நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். எதிர்க்கடைக்காரரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டீங்களே" என்றார்.

"ஆமாங்ணா."

"எனக்கோசரமா வந்தீங்க?"

நான் தலையாட்டினேன். அங்கே கிடந்த உரமூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "ஆமாங்க அம்மணி. அப்படி நெனச்சுத்தான் வந்தேன். ராத்திரிக்குத் தூக்கமில்லீங்க, பகல்ல எதுவும் புடிக்கலீங்க. யார்கிட்டச் சொல்றது?" என்றார்.

எதிர்க்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். தண்ணீர் கொடுத்தார். நான் மூட்டைமேல் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். எனக்கு அறிவுரை சொல்லத் தெரியாது, தெரிந்த வசவை எல்லாம் அன்று சொல்லவும் முடியாது. அவர் சொல்லச் சொல்லக் கேட்டேன். துடியலூரில் இருந்த அவர் மகளுக்குப் போன் போட்டோம். மகளும் மாப்பிள்ளையும் வந்து சேரும்வரை பெரியவரைத் தனியே விடவில்லை. கழிப்பறைக்குப் போனபோதுகூட எதிர்க்கடைக்காரர் வெளியே நின்று பேசிக்கொண்டே இருந்தார்.

"அப்பாவுக்கு அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க, வெசனம், அவ்வளவுதான்" என்றார் மகள். எனக்கு வாய் நீளம் என்பது அன்று உதவியது. வெசனமும் சீக்குதான், காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பதில்லையா என்று சத்தம் போட்டேன். தோப்பு வீட்டில் இருக்கிற மருந்தையெல்லாம் இன்றைக்கே எடுத்துவிடச் சொன்னேன். மறுநாளே மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்.

மாத்திரை சாப்பிடுகிறார். ஆலோசகரிடம் போய்ப் பேசுகிறார். சில மாதங்கள் நன்றாக இருக்கிறார், சில வாரங்கள் முகம் தொங்கிவிடுகிறது. எதிர்க்கடைக்காரரும் நானும் ஒன்றும் ஒட்டி உறவாடவில்லை. போர்டு அப்படியேதான் இருக்கிறது, எனக்கு எரிச்சலும் அப்படியேதான். ஆனால் அவர் நம்பர் என் போனில் இருக்கிறது. சந்தேகமாக யாராவது வந்தால் உடனே ஒருவருக்கொருவர் சொல்லிவிடுகிறோம். நாளைக்கு வந்துருமுங்க என்ற பேச்சை இரண்டு பேருமே விட்டுவிட்டோம்.

பெரியவர் உரம் வாங்க வரும்போதெல்லாம் பக்கத்தில் போய், சத்தமில்லாமல் அதே கேள்வியைக் கேட்பேன். முதலில் திட்டினார். "உரம் வாங்க வந்தாக்கூட இதேதானுங்களா?" என்பார். பிறகு பதில் சொல்ல ஆரம்பித்தார். "இன்னைக்கு இல்லீங்க" என்பார். ஒரு தடவை, "நேத்து வந்துச்சுங்க, மககிட்டச் சொல்லிப்போட்டேன்" என்றார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

போன மாதம் கடையில் நல்ல கூட்டம். பில் போட்டுக்கொண்டே, பெரியவருக்கு வேண்டியதை எடுத்துக் கொடுக்கும்படி கடைப் பையன்களிடம் சொன்னேன். மூட்டையை மொபெட்டில் கட்டிவிட்டார்கள். அடுத்த ஆளுக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் இன்னும் போகாமல் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தேன். மீதிச் சில்லறைக்கோ என்று நினைத்து, "என்னங்ணா?" என்றேன்.

கூட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் குனிந்தார்.

"இன்னைக்கு நீங்க என்னைக் கேக்கவே இல்லீங்களே, அம்மணி" என்றார்.

பேனாவை வைத்துவிட்டு எழுந்து அவரிடம் போனேன்.