கழுத்துவரை மூடிய ஜிப்

மலையில் உள்ளே புகுந்து தூங்குகிற படுக்கைப் பையை வாடகைக்கு எடுக்கப் புருலிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். பையில் தைத்திருக்கும் துணிப்பட்டையைப் புரட்டி, இருப்பதிலேயே குறைந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "மைனஸ் பதினெட்டு தாங்குமாம், இது போதும்" என்பார்கள்.

"அது உசிரு போகாம இருக்கறதுக்கான கணக்கு," என்பாள் புருல். "தூங்கணும்னா மேல இருக்கற நம்பரப் பாருங்க."

பிறகு ஒரு பையை விரித்து, உள்ளங்கையால் அமுக்கி விட்டுவிட்டு, ஒன்று இரண்டு என்று எண்ணுவாள். ஐந்து எண்ணுவதற்குள் உள்ளே அடைத்த வாத்துத் தூவி உப்பி எழுந்தால் பைக்கு உயிர் இருக்கிறது. பத்தாகியும் எழவில்லையென்றால் அது வெறும் போர்வை. அதைக் கொடுத்து வாடகை வாங்குவது பாவம். வாசல்வரை வந்து கடைசியாக ஒன்று சொல்லி அனுப்புவாள்: "ஜிப்ப கழுத்து வரைக்கும் இழுத்து மூடுங்க. பாதியில விட்டா அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

இவ்வளவு வாய் பேசுகிறவள் ஒரு ராத்திரிகூட மலையில் படுத்ததில்லை. மலையடிவாரத்து ஊரான கரகோலில் பிறந்து, கரகோலிலேயே வாழ்க்கைப்பட்டு, முப்பத்து நான்கு வயதுவரை அந்தப் பனிமலையை வாசலில் நின்றேதான் பார்த்திருக்கிறாள். கணவன் எர்மெக் ரஷ்யாவில் கட்டட வேலை. அவன் வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. ஆகவே எங்கள் வழக்கப்படி வீடும் அவனுக்கு, அம்மாவும் அவனுக்கு. அவன் ஊரில் இல்லாததால் இரண்டும் புருலுக்கு.

எங்கள் ஊர் மருமகள் எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுக்க வேண்டும். பெரியவர்கள் விழித்திருக்கும்போது அவள் முதுகு தரையில் பட்டால் ஊர் சிரிக்கும். பதினோரு வருடமாகப் புருல் பகலில் படுத்ததே இல்லை. காய்ச்சல் வந்தபோதுகூடச் சுவரில் சாய்ந்தபடிதான் இருந்தாள்.

இந்த ஆகஸ்டில் அவளுடைய பள்ளித் தோழி அனாரா ஆறு பெண்களை ஆலா-குல் ஏரிக்கு மேலே, கணவாய் தாண்டி அழைத்துப் போகிறாள். நான்கு நாள். சமையலுக்கு ஆள் வேண்டும். "வர்றியா இல்லையாடி, வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லு. வெள்ளிக்கிழமை விடியக்காலையில கிளம்பிருவோம்," என்றாள்.

புருல் மாமியாரிடம் கேட்டாள். மாமியாரை எங்களில் 'எனே' என்றுதான் கூப்பிட வேண்டும். பெயர் வாயில் வரக் கூடாது. நான் சொல்லலாம்: கானிஷாய்.

"பாக்கலாம்," என்றாள் கானிஷாய். பார்க்கலாம் என்றால் அந்த வீட்டில் இல்லை என்று அர்த்தம். மறுநாளும் கேட்டாள். "நீ மலையில இருக்கறப்ப விருந்தாளி வந்து நின்னா டீ யாரு ஊத்துவா? நானா? அதையும்தான் பாக்கலாம்."

கானிஷாயைக் கொடுமைக்காரி என்று நினைக்க வேண்டாம். அவளும் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள்தான். தான் பட்டதையெல்லாம் ஒன்று விடாமல் பத்திரப்படுத்தி வைத்திருந்து அடுத்தவளிடம் ஒப்படைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் கானிஷாய் பக்கத்துத் தெருவில் தொட்டில் விருந்துக்குப் போனாள். அனுமதி இல்லை, ஆசை மட்டும் இருந்தது. போவதாயிருந்தால் எந்தப் பை என்று பார்த்து வைப்பதில் என்ன குற்றம்? புருல் பைகள் தொங்கும் பின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பானை, அரிசி, இறைச்சியோடு அவள் பையையும் அவளேதான் முதுகில் சுமக்க வேண்டும். செயற்கைப் பஞ்சுப் பை நனைந்தாலும் காப்பாற்றும், ஆனால் இரண்டு கிலோ. இன்னொன்று தூவிப் பை, எவளோ ஒரு வெளிநாட்டுக்காரி ஊருக்குப் போகும்போது விட்டுப்போனது. ஒரு கிலோகூட இல்லை. அமுக்கிவிட்டால் மூன்று எண்ணுவதற்குள் எழுந்து நிற்கும். ஒரே குறை, கழுத்துப் பக்கம் ஜிப் உள்துணியைக் கடிக்கும். எடுத்துப் போனவர்கள் இரண்டு தடவை குறை சொன்னதால் வாடகைக்கு விடாமல் ஓரமாக மாட்டி வைத்திருந்தாள்.

நீளம் சரியா என்று உள்ளே போனால்தான் தெரியும். போனாள். கால் நீட்டினாள். அடடா, சரியாக அவளுக்கே வெட்டினாற்போல் இருந்தது. பையின் தலைக்குல்லாயின் கயிற்றை இறுக்கி, கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு, ஊருக்குச் சொல்கிறபடியே ஜிப்பைக் கழுத்து வரை இழுத்தாள். அது கடித்துக்கொண்டது.

கீழே இழுத்தாள், அசையவில்லை. மேலேயும் போகவில்லை. பனிக்குத் தைத்த பைக்குள் ஆகஸ்ட் வெயில். முதுகில் வேர்வை ஓடியது. பல்லால் கடித்து ஒரு இழு இழுத்தால் துணி கிழிந்துவிடும், தூவி அறையெல்லாம் பறக்கும், வெளியே வந்துவிடலாம். ஆனால் அப்புறம் எந்தப் பையோடு மலைக்குப் போவது? போகப் போவதே இல்லை என்று தெரிந்தும் கிழிக்க மனம் வரவில்லை. அழுகை வந்தது. துடைக்கக் கை இல்லை.

அப்போது வாசல் கதவு திறந்தது. கானிஷாய் தனியாக வரவில்லை. விருந்தில், மகளைக் கொடுத்த வீட்டுச் சம்பந்தியம்மா சோனுனைப் பார்த்து, கையோடு அழைத்து வந்திருந்தாள். போன குளிர்காலத்தில் வந்தபோது இதே சோனுன், "எங்க பக்கம் மருமகளுங்க நாம உக்கார்றதுக்கு முந்தியே டீ வச்சிருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனது கானிஷாய்க்கு இன்னும் ஆறவில்லை.

"கெலின், டீ வை," என்று மாமியார் குரல் வந்தது. கெலின் என்றால் மருமகள். மருமகள் கிடந்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கத்தினால் இரண்டு பேரும் வருவார்கள். எழுந்து குதித்துப் போகப் பார்த்தாள். பெட்டியில் இடித்து விழுந்தாள்.

சத்தம் கேட்டுக் கானிஷாய் பின் அறைக் கதவைத் திறந்தாள்.

"என்னடி கோலம் இது?"

"ஜிப்பு மாட்டிக்கிச்சு, எனே."

"பட்டப்பகல்ல படுத்தியா?"

"அளவுதான் பாத்தேன்."

கானிஷாய் குனிந்து இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. முன்னறையிலிருந்து சோனுனின் குரல் தேனாக வந்தது: "என்ன சம்பந்தி, மருமகளைக் காணோம்? படுத்திருக்காளா?"

கானிஷாய் நிமிர்ந்தாள். கதவைச் சாத்திவிட்டுப் போனாள். பலகைச் சுவர்தான், ஒவ்வொரு சொல்லும் புருலுக்குக் கேட்டது.

"அவ வீட்டுல எங்க இருக்கா? மலைக்குப் போயிருக்கா. கணவாய் தாண்டி."

"ஆத்தாடி. நீங்க விட்டீங்களா?"

"நான்தான் போகச் சொன்னேன். அவ சமையலுக்கு அவ்வளவு கெஞ்சுறாங்க. எங்க வீட்டுல மருமகளைக் கட்டியா போட்டிருக்கோம்?"

கட்டிப்போட்டது மாதிரிக் கிடந்த புருலுக்கு வேர்வையிலும் சிரிப்பு வந்தது. டீ ஊற்றும் சத்தம் நீளமாகக் கேட்டது. கானிஷாய் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்புகிறாள்; குடித்துவிட்டுக் கிளம்பு என்பதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சோனுனுக்குப் புரியாமல் இருக்குமா? புரிந்துகொண்டே சொன்னாள்: "அப்ப நீங்க தனியாவா இருக்கீங்க? பாவம். ஞாயித்துக்கிழமை வரைக்கும் நான் துணைக்கு இருந்துட்டுப் போறேன்."

பிறகு கானிஷாய் சோப்புத் துண்டும் ஊசியும் கத்தரிக்கோலுமாகப் பின் அறைக்கு வந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"வெட்டிறட்டுமா?" என்றாள் ரகசியமாக.

"வேணாம், எனே. வெட்டினா பை போயிடும்."

கானிஷாய் அவளை ஒரு கணம் பார்த்தாள். கத்தரியைக் கீழே வைத்தாள். ஜிப்பின் பல்லில் சோப்பைத் தேய்த்து, கடிபட்ட துணியை ஊசியால் ஒவ்வோர் இழையாக விடுவித்தாள். திறந்தது.

"பின் ஜன்னல் வழியா ஏறிப் போ," என்றாள். "அவ போறதுக்குள்ள இந்தத் தெருவுல உன் தலை தெரிஞ்சுதுன்னா, நான் பொய்க்காரியாயிடுவேன். என் வார்த்தை இப்ப உன் கையில இருக்கு."

புருல் குதித்தாள். பின்னாலேயே பையும் பூட்ஸும் வந்து விழுந்தன. கடைசியாக ஒரு ரொட்டி வந்தது.

இரண்டாம் நாள் அவர்கள் ஏரிக்கு மேலே, கணவாய்க்குக் கீழே கூடாரம் போட்டார்கள். ராத்திரி பாட்டிலில் தண்ணீர் உறைந்தது. காலையில் வெயில் கூடாரத்தின் மேல் விழுந்தும் சமையல்காரி வரவில்லை. அந்தப் பெண்களே அடுப்பைப் பற்றவைத்தார்கள். அனாரா டீயோடு குனிந்து உள்ளே பார்த்தாள். புருல் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். பையின் ஜிப் இடுப்புவரை திறந்து கிடந்தது.

"ஊருக்கெல்லாம் கழுத்து வரைக்கும் மூடுன்னு சொல்லுவ. ராத்திரி பூரா இப்படியேவா கிடந்த? குளிரலியாடி?"

"குளிருச்சு," என்றாள் புருல். எழுந்திருக்கவில்லை.