விரலுக்குத் தெரியாத பிணைப்பு

தறியில் தீரப்போகும் பாவு நூல்களின் நுனியோடு புதுப் பாவு நூல்களை, சாம்பல் தொட்ட விரலால் இழை இழையாக முறுக்கிப் பிணைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தறிக்காரரின் மருமகள் வந்து நின்றார். பெங்களூரில் ஏதோ ஆய்வகத்தில் வேலை. ஒல்லியான பெண், எதைத் தொடுமுன்பும் தன் உள்ளங்கையை ஒருமுறை உற்றுப் பார்ப்பார்.

"எங்க வேலையும் இதாங்க," என்றார். "ஒரு பாக்டீரியா செடிக்குள்ள பூந்து, தன் ஜீனைச் சேத்துடும். அதை எடுத்துட்டு எங்களுக்கு வேண்டிய ஜீனை வெச்சு அனுப்புறோம். எந்த எடத்துல சேக்கணும்னும் இப்ப நாங்களே சொல்லிடலாம்."

"செடிக்குத் தெரியாதா?"

"தெரியாது. தன்னுதுன்னு நெனச்சிகினு வளரும். நீங்க துன்ற சக்கரவள்ளிக் கிழங்குல, மனுஷன் கை படாமலே, எப்பவோ ஒரு பாக்டீரியா சேத்துட்டுப் போனது இருக்குது."

"அப்ப நம்ம உடம்புல?"

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். அப்படியே வாசலுக்கு நடந்துவிட்டார்.

அன்று ஓர் இழையை இடம் மாற்றிப் பிணைத்திருந்தேன். தடவியதுமே விரலுக்குத் தெரிந்தது, அவிழ்த்துச் சரிசெய்தேன்.

இப்போதும் பாவைத் தடவுகிற விரல் சில சமயம் தானாக என் மணிக்கட்டுக்குப் போய்விடுகிறது. முடிச்சு எதுவும் தட்டுப்படாமல் வழவழவென்றுதான் இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது.