சுவிட்சுக்கு மேலே இரண்டு ஆணி

என் அண்ணி நடந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் ஓட்டம்தான். எலுமிச்சைத் தோட்டத்திலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு ஓட்டம், அங்கிருந்து அடுப்படிக்கு ஓட்டம். இரண்டு ஏக்கரில் நாற்பது மரம், நாலு மாடு. இவளுக்கு இது போதவில்லையே என்று தோன்றும். நான் பேச்சில் மந்தம். அவள் எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள். நான் அவள் பின்னாலேயே போய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவளுக்கு உயிர் மாட்டுக்குப் புல் வெட்டும் மெஷின்தான். ஏழு வருஷமாக அதை ஓட்டுகிறாள். கத்தி மழுங்கினால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். "தொண்டை கட்டியிருக்கு, சாணை பிடிக்கணும்" என்பாள். அண்ணன் போய்ப் பார்த்தால் அவள் சொன்னது சரியாக இருக்கும்.

எலுமிச்சை முள்ளுக்குக் கையுறை இல்லாமல் முடியாது. எங்கள் வீட்டில் இருந்த தோல் கையுறையெல்லாம் ஆம்பளைக் கை அளவு. எனக்கும் அண்ணிக்கும் விரல் நுனி ஒவ்வொன்றும் காலியாகத் தொங்கும். கை உதறினால் கழன்று விழும். அதனால் மணிக்கட்டில் சாக்கு நூலால் இறுக்கிக் கட்டிக்கொள்வோம். அவள் முடிச்சை நான் போடுவேன், என் முடிச்சை அவள். அவிழ்க்கவும் இன்னொரு ஆள் வேண்டும். அந்தச் சோம்பலில் ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குக் கையுறையோடே போய்விடுவோம்.

அன்றைக்கு எலுமிச்சை வியாபாரியின் வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. மூட்டையை ஏற்றிவிட்டு அண்ணி நேரே மெஷினுக்கு ஓடினாள். மாடுகள் பசியில் கத்திக்கொண்டிருந்தன.

"பாப்பா, சுவிட்சு!"

போட்டேன். முதல் கத்தை போனது. இரண்டாவது கத்தையோடு அவள் நடுவிரல் உறையின் காலி நுனி, புல்லை உள்ளே இழுக்கும் உருளைக்குள் போனது. இழுத்தாள், வரவில்லை. மணிக்கட்டில் நான் போட்ட முடிச்சு கையை விடவில்லை. நான் சுவிட்சைத் தட்டினேன். சக்கரம் உடனே நிற்குமா? இன்னும் அரைச் சுற்று சுற்றியது. அதற்குள் அண்ணி விரல்கள் அத்தனையையும் கையுறைக்குள்ளேயே மடக்கிக்கொண்டாள். அவ்வளவு இடம் இருந்தது உள்ளே!

அரிவாளை எடுத்து நூலை அறுத்தேன். கை வெளியே வந்தது. அந்தப் பக்கம் நறுக்கிய புல்லோடு கையுறையின் இரண்டு தோல் நுனிகள் கிடந்தன. அண்ணி விரல்களை எண்ணினாள். பத்து. நம்பாமல் என்னை எண்ணச் சொன்னாள். நானும் எண்ணினேன். பத்தேதான்.

சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "இனிமே நீ மெஷின் பக்கமே வரக் கூடாது. நானே வெட்டிக்கிறேன்."

"தப்பு என் கைமேல இல்லீங்க, கையுறைமேல. ஒரு வாரம் டைம் குடுங்க, சரி பண்ணிக் காட்டுறேன்."

"சரி பண்ணாட்டி?"

"மெஷினை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க."

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் சிமெண்டுப் பை காகிதத்தை விரித்து, அவள் கையையும் என் கையையும் வைத்துப் பென்சிலால் வரைந்தாள். கடைக்குப் போனோம்.

"கையுறைன்னா ஒரே அளவுதாம்மா" என்றார் கடைக்காரர். "கொஞ்சம் பெரிசா இருந்தா காத்தோட்டமா இருக்கும்."

"காத்தோட்டத்துக்கு ஜன்னல் இருக்கு அண்ணே. எங்களுக்குக் கையுறை குடுங்க." காகிதத்தை மேஜைமேல் தட்டிப் போட்டாள். "இது என் கை, இது என் நாத்தனார் கை. இதைவிட ஒரு நூல் பெரிசா இருந்தாலும் வேண்டாம்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே பரண்மேல் ஏறினார். ஒரு பெட்டி வந்தது. மேலே விரல் கனத்துக்குத் தூசி. "யாருமே கேக்கலையேம்மா, அதான் உள்ள போயிடுச்சு."

அண்ணி ஒன்றை மாட்டினாள். மணிக்கட்டில் எலாஸ்டிக், நூலே வேண்டாம். அவர் மேஜைமேல் கிடந்த குண்டூசியை அந்தக் கையாலேயே பொறுக்கி எடுத்துக் காட்டினாள். எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. தட்டியும்விட்டேன். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சுத்தியலை எடுத்தாள். சுவிட்சுக்கு மேலே இரண்டு ஆணி அடித்தாள்.

"என்ன, சுவிட்சுக்குக் கண்ணு வைக்கிறியா?" என்றான் அண்ணன்.

"ஆமா, யார் எப்படி வராங்கன்னு பாக்கத்தான். முள்ளுக்குக் கையுறை, மெஷினுக்கு வெறுங்கை. எவ்வளவு பொருத்தமான உறையா இருந்தாலும் அங்க ஆகாது. வெட்ட வர்றவங்க உறை ரெண்டும் ஆணியில தொங்கினாத்தான் சுவிட்சு போடணும். கடைசிக் கத்தையைக் கையால தள்ளக் கூடாது, அதுக்கு இந்தக் கட்டை."

அண்ணன் சிரித்தான். ஆனால் மெஷினை விடவில்லை. அந்த வாரம் முழுக்க அவனே வெட்டினான். புல் சாண் நீளத்துக்கு வந்தது, மாடுகள் பாதியை மிதித்துப் போட்டன. அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள்.

ஏழாம் நாள் மதியம் வானம் கறுத்துவிட்டது. மரத்தடியில் பழம் பொறுக்கிக்கொண்டிருந்த அண்ணன், புல் நனைந்துவிடுமே என்று கொட்டகைக்கு ஓடிவந்தான். ஒரு பெரிய கத்தையை அள்ளி மெஷின் வாயில் வைத்துக்கொண்டு கத்தினான்: "சுவிட்சைப் போடு!"

சுவிட்சுக்குப் பக்கத்தில் அண்ணி. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆணி காலி."

"மழை வருதுடி!"

"ஆணி காலிங்க."

"இவ ஒருத்தி!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையைத் தூக்கினான். அப்போதுதான் பார்த்தான். இரண்டு கையிலும் கையுறை. இடது சுட்டுவிரல் உறை கிழிந்து, தோல் நாடாபோல ஒரு விரல் நீளத்துக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. உருளைக்கு ஒரு சாண் தூரம்கூட இல்லை.

அண்ணன் கத்தையைக் கீழே வைத்தான். ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஆணியில் மாட்டினான். பிறகு மெஷின் வாயை விட்டுத் தள்ளி நின்றான்.

"நீயே வெட்டு. எனக்கு அது தொண்டை கட்டினாலும் தெரியாது, இருமினாலும் தெரியாது."

அண்ணி ஒரே தாவலில் மெஷினுக்கு வந்துவிட்டாள். ஆணி இரண்டிலும் அண்ணன் உறை; அதனால் வெறுங்கை இரண்டையும் விரித்து என்னிடம் காட்டினாள். முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. அண்ணனோ சுவிட்சை விட்டுவிட்டு மூலையில் எதையோ துழாவிக்கொண்டிருந்தான்.

"என்னங்க தேடுறீங்க?"

"சுத்தியல். மூணு பேருக்கு ரெண்டு ஆணி எப்படிடி பத்தும்?"

"ஐயோ, முதல்ல சுவிட்சைப் போடுங்க!"